பெண்கள் பெட்டியில் வளர்ந்த பிள்ளை

எங்கள் ரயிலில் கதைக்கென்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. வீரவநல்லூர். சாயங்கால வண்டி அந்த ஸ்டேஷனைத் தாண்டுவதற்கு முன் யாரும் பத்திரிகையைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் பெட்டியின் சட்டம். சட்டம் போட்டவர் கணக்கு டீச்சர். அவர் சொன்னதை ரயில்வேகாரர்களே மீறியதில்லை, நாங்கள் எம்மாத்திரம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அம்பாசமுத்திரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். வீடு தச்சநல்லூரில். காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடிப்பேன், சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். அப்போது மீட்டர் கேஜ் பாதை. அந்த வண்டிக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. சேரன்மகாதேவியில் எதிர் வண்டிக்காக நின்றால், இறங்கிக் குழாயில் முகம் கழுவி, தலை சீவி, பூவும் வைத்துக்கொண்டு நிதானமாக ஏறலாம். இப்போது அகலப் பாதை போட்டுவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் அந்த வேகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது.

பகல் முழுக்க நான் தட்டியதெல்லாம் 'பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது' என்கிற தமிழ். அந்தத் தமிழில் யாரும் சிரிப்பதில்லை, அழுவதில்லை. தக்க நடவடிக்கை மட்டும் எடுப்பார்கள். மெஷினுக்கு உறை போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது மனசு காய்ந்துபோய்க் கிடக்கும். மேற்கே மலை முழுசாக நிற்கும். அதை நிமிர்ந்து பார்க்கக்கூடத் தோன்றாது.

சாயங்காலத்தில் பெண்கள் பெட்டி பாதிச் சமையலறை. முருங்கைக்கீரை உருவுவது, அவரைக்காய் நறுக்குவது, சின்ன வெங்காயம் உரிப்பது எல்லாம் அங்கேதான். வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஏற்றினால் போதும் என்கிற அளவுக்கு வேலையை முடித்துவிடுவார்கள். என் வீட்டில் அம்மா இருந்தாள். அதனால் எனக்கு அடுப்படிப் பொறுப்பு கிடையாது. வாரப் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். முதல் வாரமே நர்ஸ் அக்கா இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏட்டி, உனக்குக் கை சும்மாதான இருக்கு. அந்தத் தொடர்கதையை உரக்க வாசிச்சாத்தான் என்ன? நாங்களும் கேப்போம்லா" என்றார்.

நர்ஸ் அக்கா உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். காற்றை எதிர்த்துப் பேசிப் பழகிய குரல். அம்பாசமுத்திரத்தில் ஆஸ்பத்திரி வேலை, என்னோடுதான் ஏறுவார். அடுத்த ஸ்டேஷனான கல்லிடைக்குறிச்சியில் கணக்கு டீச்சர் ஏறுவார், கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோடு. அதற்கடுத்த வீரவநல்லூரில் தையல் டீச்சர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டாலும் எனக்குத் தோழிதான். அவள் ஏறி, இடம் பிடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகு கதை தொடங்கும். பேட்டையில் அவள் இறங்கும்போது கதை முடிந்திருக்க வேண்டும்.

பேட்டை பிளாட்பாரத்தில் அவள் கணவர் சைக்கிளோடு நிற்பார். நூற்பாலையில் வேலை. சட்டையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவள் இறங்கியதுமே அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு என்னாச்சு?" பின்னால் உட்கார்ந்து வீடு போய்ச் சேரும் வரைக்கும் அவள் அந்த வாரத்துக் கதையை ஒன்று விடாமல் ஒப்பிப்பாளாம். ஆக, எங்கள் ரயிலில் ஏறாமலே எங்கள் கதையைக் கேட்ட ஒரே ஆண் பிள்ளை அவர்தான்.

கதை அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. மலையடிவாரத்து ஊரில் தபால்காரர் மகள் ஒருத்தி, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கணவனுக்கு ஊர் ஊராகச் சுற்றும் வேலை. மாமியார் பொல்லாதவள். மழைக்காலத்தில் பிள்ளை பிறக்கிறது. ஆனால் எங்களுக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரியைவிட நெருக்கம். ஊசி போடும்போதுகூட அவள் ஞாபகம் வருகிறது என்று நர்ஸ் அக்கா சொல்வார். இதனால் அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி கூடியதா குறைந்ததா என்று தெரியவில்லை.

ஒரு நாள் தையல் டீச்சர் ஏறியதும் நர்ஸ் அக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முழுகாமல் இருக்கிறாள் என்று பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் சந்தோஷத்தில் பயமும் கலந்திருந்தது. இதற்கு முன் இரண்டு தடவை உண்டாகித் தங்கவில்லை. மாமியார் வீட்டில் பேச்சு தடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அவளைவிட நாங்கள் அதிகமாக வேண்டிக்கொண்டோம் என்றால் பொய்யில்லை.

மாசமாக இருக்கிறவள் காதில் நல்லதுதான் விழ வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். துக்க வீட்டுக்குப் போகக் கூடாது, சாவுச் சேதியை அவள் முன்னால் சொல்லக் கூடாது, சண்டை போடக் கூடாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்காது என்று நினைத்தேன். நர்ஸ் அக்காதான் எல்லாரையும்விடக் கறார். ஜன்னல் இடம் அவளுக்கு, கேட்டதெல்லாம் அவளுக்கு. தண்டவாளத்தில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பேச வந்த ஒரு பெண்ணைப் பார்வையாலேயே அடுத்த பெட்டிக்கு அனுப்பிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து அந்த எழுத்தாளர் எங்கள் தலையில் கல்லைப் போட்டார்.

அன்று பத்திரிகை வாங்கியதும் ஆசை தாங்காமல் அம்பாசமுத்திரத்திலேயே பிரித்துவிட்டேன். கதைக்கு மேலே போட்டிருந்த படம் ஒரு காலித் தொட்டில். வேகமாகப் படித்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், மழையில் பாலம் உடைந்து டாக்டர் வர முடியாமல் போகிறது, விடிவதற்குள் பிள்ளை போய்விடுகிறது. வண்டி ஆற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நர்ஸ் அக்காவிடம் பக்கத்தைக் காட்டினேன். அவர் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "பாவிப்பய" என்றார். எழுத்தாளரைத்தான்.

கல்லிடைக்குறிச்சியில் கணக்கு டீச்சர் ஏறியதும் மூன்று பேரும் கூடிப் பேசினோம்.

"இன்னைக்குப் பத்திரிகை வரலைன்னு சொல்லிரு" என்றார் டீச்சர்.

"சரி. அடுத்த வாரம் என்ன சொல்லுவீக?" என்று கேட்டார் நர்ஸ் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பிள்ளையைப் பிழைக்க வையிட்டி" என்றார்.

"நானா?"

"பின்ன? கதைக்குள்ள போயி நானா ஊசி போட முடியும்?"

வீரவநல்லூரில் தையல் டீச்சர் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் பத்திரிகையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கண் முன்னால் அச்சில் பிள்ளை செத்துக் கிடந்தது. வாய் வேறொன்றைச் சொல்லத் தொடங்கியது. பாலம் உடையவில்லை. கடைசி பஸ்ஸின் கண்டக்டர் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். டாக்டர் நனைந்துகொண்டே வருகிறார். விடியும்போது பிள்ளை கண்ணைத் திறந்து பாலுக்கு அழுகிறது. தையல் டீச்சர் தன் வயிற்றின் மேல் கையை வைத்தபடி சிரித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு என் வேலையைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்தது போல இருந்தது.

ஒரு தடவை பிழைக்க வைத்தால் போதாது என்பது அடுத்த வாரம்தான் உறைத்தது. பத்திரிகையில் அந்தப் பெண் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, புருஷனை விட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டாள். எங்கள் பெட்டியிலோ பிள்ளை உயிரோடு இருந்தது, அவள் எப்படிப் போவாள்? ஆக, அச்சிலிருந்த கதை ஒரு பக்கம் போக, நாங்கள் வேறு பக்கம் போனோம். அம்பாசமுத்திரத்துக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் எங்கள் மூன்று பேர் கூட்டம் நடக்கும். அதில் அந்த வாரத்துக் கதை முடிவாகும்.

கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமில்லை. "போன வாரந்தான குப்புற விழுந்தான்? இந்த வாரம் நடக்கான்னா எப்படி? கதைன்னாலும் கணக்கு வேண்டாமா?" என்பார் கணக்கு டீச்சர். நர்ஸ் அக்காவுக்கு வேறு கவலை. "தடுப்பூசி போட்டாச்சுன்னு ஒரு வரி சேரு" என்பார். நான் ஆசையாக ஓர் ஆற்றங்கரைக் காட்சி சொன்னால், "பிள்ளையைப் படியில விட்டுட்டுத் துணி துவைக்காளாம்! பக்கத்துல ஒரு ஆளை நிப்பாட்டு மொதல்ல" என்று சண்டைக்கு வருவார். பொல்லாத மாமியாரைத் திருத்தியே ஆக வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் திருத்தினேன். அது மட்டும் நம்பும்படி வரவில்லை.

இதற்கெல்லாம் எனக்குச் சரக்கு வேண்டியிருந்தது. கதையில் மழை பெய்ய வேண்டுமானால் நான் மழையைப் பார்த்தாக வேண்டும். அலுவலக ஜன்னல் வழியாக மலையின் மேல் மழை இறங்குவதைப் பார்க்கத் தொடங்கினேன். அது ஒரேயடியாக விழுவதில்லை, முதலில் உச்சி மறையும், பிறகு ஒவ்வொரு மடிப்பாக மறையும். ஆற்றில் தண்ணீர் வரும் நாளில் அதன் நிறம் எப்படி மாறுகிறது, அறுவடை முடிந்த வயலில் கொக்கு எங்கே நிற்கிறது, எதிர் இருக்கையில் தூங்கும் குழந்தை எந்தக் கையை மூடி வைத்திருக்கிறது என்றெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. எல்லாம் அங்கேயேதான் இருந்தன, நான்தான் இல்லை. அந்த மாதங்களில் நான் பார்த்த அளவுக்கு இந்த ஆற்றையும் மலையையும் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். தக்க நடவடிக்கைத் தமிழ்கூட என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை.

தையல் டீச்சருக்கு வயிறு பெரிதாகிக்கொண்டு வந்தது. "பல்லு முளைச்சிட்டுன்னு சொன்னேன், அவுக ரோட்டுல சைக்கிளை நிப்பாட்டிட்டுச் சிரிக்காக" என்று கணவரைப் பற்றிச் சொல்வாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குட்டிச் சட்டை தைக்கச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. ஆனால் தன் பிள்ளைக்கென்று ஒரு துணிகூட வெட்டவில்லை. பிறப்பதற்கு முன்னால் தைக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்கு முந்தின நாள் பெட்டியிலேயே வளைகாப்பு நடத்தினோம். எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம். திருநெல்வேலி டவுனில் ரத வீதிக் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல்கள். கணக்கு டீச்சர் பாடினார். அவருக்குப் பாட வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அப்புறம் அவள் ராதாபுரம் பக்கத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போனாள்.

சேதியை நர்ஸ் அக்காதான் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வட்டாரத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று அவர் கையில் வெங்காயம் இல்லை.

"பிள்ளை தங்கலைட்டி. பிறக்கும்போதே உயிரு இல்லையாம்."

வீரவநல்லூர் வந்தது, போனது. யாரும் பத்திரிகையைக் கேட்கவில்லை. நல்லதே கேட்டு வளர்ந்த பிள்ளை அல்லவா, எப்படிப் போகும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எங்கள் கதைப் பிள்ளைக்கு அப்போது ஒரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவனை அப்படியே விட்டுவிட்டோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் அவள் கணவர் பேட்டையில் எங்கள் ஜன்னலருகே வந்து நின்றார். அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாராம். "அழ மாட்டேங்கா டீச்சர். சமைக்கா, தைக்கா, கேட்டா பதில் சொல்லுதா. அழ மட்டும் மாட்டேங்கா. எனக்கு அதான் பயமா இருக்கு" என்றார். அவர் முகமும் இறுகித்தான் இருந்தது. வண்டி நகர்ந்தது. கணக்கு டீச்சர், "அவளை வேலைக்கு வரச் சொல்லுங்க. எங்க கூட வரட்டும்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். வீரவநல்லூரில் ஏறி, முன்பு உட்கார்ந்த ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்தாள். நாங்கள் விலைவாசியைப் பற்றிப் பேசினோம், வெயிலைப் பற்றிப் பேசினோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மூன்று பேரும் அவளை விட்டு வேறு எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படியே ஒரு வாரம் போனது. பிறகு ஒரு நாள், கேட்காமலே அவள் சொன்னாள்.

"அந்தக் கதையில பிள்ளை செத்துப் போச்சுல்லா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"எங்க ஸ்டாஃப் ரூமுக்கும் அந்தப் பத்திரிகை வரும்லா. அன்னைக்கே படத்தைப் பாத்துட்டேன், காலித் தொட்டில். வாசிக்கல, மூடி வச்சிட்டேன். அப்போ எனக்கு நீங்க சொன்னதுதான் வேணும்னு இருந்துச்சு." என்னைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் உன்கிட்ட இருக்குமா? அதை வாசி. எனக்கு இப்போ அதான் வேணும்."

தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைப்பது அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு. என்னிடமும் இருந்தது. மறுநாள் கொண்டுபோனேன். கொண்டுபோயிருக்கக் கூடாது என்று நர்ஸ் அக்கா வழியெல்லாம் திட்டினார். "உடம்பு தேறட்டும், பைய வாசிக்கலாம். இப்போ என்ன அவசரம்?" என்று அவளிடமும் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் விடைத்தாள் கட்டை மூடி வைத்துவிட்டு, "வாசி" என்றார்.

வாசித்தேன். இந்தத் தடவை அச்சில் இருந்ததை மட்டும். அந்த எழுத்தாளரை நான் அதுவரை மதித்ததில்லை. காய்ச்சலும் மழையும் உடைந்த பாலமும் எங்கும் பார்க்கிற சமாச்சாரம்தான். ஆனால் பிள்ளை போன மறுநாள் காலையை அவர் எழுதியிருந்தார். பழக்க தோஷத்தில் அந்தத் தாய் பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் போடுகிறாள். முழங்கையை வைத்துச் சூடு பார்க்கிறாள். பிறகுதான் நினைவு வருகிறது. அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறாள். அம்பாசமுத்திரத்தில் நின்று அவசரமாகப் படித்த அன்று இந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இதை நாங்கள் தூக்கி எறிந்திருந்தோம்.

அவள் அழுதாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டு. நர்ஸ் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பியைப் பேர் சொல்லி அழுதார். அப்படி ஒரு தம்பி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. கணக்கு டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. நானும் அழுதுகொண்டேதான் மீதியை வாசித்தேன். நல்லதை மட்டும் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டோமே, இவள் இதை எங்கே போய் அழுவாள் என்று அப்போது நினைத்தேன்.

பேட்டை வந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. கணவர் ஜன்னல் வழியாக அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

"தம்பி, பயப்படாதீக. ஏறுங்க" என்றார் நர்ஸ் அக்கா.

"இது லேடீஸ் பெட்டில்லா..."

"ஏறுங்க" என்றார் கணக்கு டீச்சர். சட்டம் போட்டவரே சொன்னபிறகு அவர் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு ஏறினார். டீச்சர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். வண்டி டவுன் பக்கமாக நகர்ந்தது.

அவர் என்னாச்சு என்று வழக்கம்போலக் கேட்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவுகளுக்கும் வாசி" என்று அவள்தான் சொன்னாள். வெந்நீர் போடுகிற இடத்திலிருந்து மறுபடி வாசித்தேன். அவர் அசையாமல் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு வச்சிருந்தாங்களா தங்கச்சி?" என்று கேட்டார்.

பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்தாளர் வைக்கவில்லை. "இல்லண்ணே" என்றேன்.

"நான் வச்சிருந்தேன்" என்றாள் தையல் டீச்சர்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பேரைச் சொன்னாள். அவர் அதை ஒரு தடவை, பைய, தானும் சொல்லிப் பார்த்தார்.